கோப்பி என்று நினைத்தோம்

எனக்கு வந்த வயிற்று வருத்தத்துக்குக் கோப்பிதான் காரணம் என்று மாத்தளையில் எங்கள் ஒழுங்கையின் வீடுகள் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். கல்யாண வீடுகளில் தட்டில் கோப்பி வந்தால் இன்றைக்கும் பெண்கள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கோப்பையை எடுக்கிறார்கள். சிலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெறும் வயிற்றில் குடிக்கலாமா, பால் ஊற்றினால் பரவாயில்லையா என்று மெதுவாகக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். வாசிப்பவர்களில் ஒருத்தியாவது நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதியதற்குப் பலன் உண்டு.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கிராமங்களில் மிளகும் கராம்பும் வாங்கி, டவுனில் மொத்தக் கடைகளுக்குக் கொடுப்பவர். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பரீதா, சின்னவள் ஜெஸீமா. கணவரின் தாயார், என் மாமி, எங்களோடுதான் இருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தின் கீழே ஏழெட்டுக் கோப்பிச் செடிகள் நின்றன. மாமி பழத்தைப் பறித்துக் காயவைத்துக் குத்தி, கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்துக் கருகக் கருக வறுத்து இடிப்பார். அந்தத் தூளைப் போல ஒன்றை நான் வேறெங்கும் குடித்ததில்லை. விடியலில் சுபஹுத் தொழுது முடித்ததும் வெறும் வயிற்றில் ஒரு கோப்பை. பாடசாலைக்குப் போகுமுன் இன்னொன்று. இடைவேளைக்குப் போத்தலில் கொண்டுபோவேன். பின்னேரம் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பி திருத்தும்போது பக்கத்தில் கோப்பி இல்லையென்றால் கை ஓடாது. சோறு பாதி வயிற்றுக்குத்தான். பசி எடுத்தால் கோப்பி, களைத்தால் கோப்பி. ஒரு நேரம் தவறினால் கண்ணுக்குப் பின்னால் ஓர் இடி தொடங்கும், குடித்ததும் அடங்கிவிடும். எனக்குக் கோப்பி ஒத்துக்கொள்கிறது என்பதற்கு அதையே சாட்சியாக எண்ணியிருந்தேன்.

அந்த வருஷம் நோன்பு மழைக் காலத்தில் வந்தது. பாடசாலை விடுமுறை. வீட்டில் இருந்து பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டை தைத்தேன். பகலில் கோப்பி கிடையாது அல்லவா, மத்தியானம் தாண்டியதும் தலையிடி வரும். முன்னைய வருஷங்களிலும் வந்ததுதான், முதல் வாரத்தோடு போய்விடும். இந்த முறை போகவில்லை. தையல் ஊசியில் நூல் கோர்க்கக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்து கிடப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பிரின் குளிசை கொடுத்தாள். தலையிடி அதற்குக் கேட்டது. பிறகு பாமசியில் சொல்லி நானே வாங்கி வைத்துக்கொண்டேன். பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்ததும் இரண்டு குளிசை, மேலே சூடாகக் கடுங்கோப்பி. நாளைக்கு இடிக்கக்கூடாதே என்று விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் இரண்டு குளிசை, அதற்கும் கோப்பி. சோற்றில் ஒரு பிடிதான் இறங்கும்.

நெஞ்சுக் குழியில் எரிவு தொடங்கியது. நோன்பில் வயிறு எரியாதா என்று விட்டுவிட்டேன். இரண்டொரு நாளில் மலம் கறுப்பாகப் போனது, தார் போல ஒட்டும் கறுப்பு. பார்த்தேன்தான். இவ்வளவு கோப்பி குடித்தால் வேறு எந்த நிறத்தில் போகும் என்று நினைத்தேன். கணவரிடம்கூடச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மாடிப்படி எங்கள் வீட்டில் இல்லை, ஆனால் கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு வரும் நாலு கல் படியில் ஏறினாலே மூச்சு வாங்கியது.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது, மத்தியானம் லுஹர் தொழுகைக்கு எழுந்தவள் அப்படியே பாயில் விழுந்தேன். கண் இருட்டி வந்தது. மாமி ஓடிவந்து தலையைத் தூக்கும்போது வாந்தி எடுத்தேன். அலுமினியப் பேசினில் கறுப்பும் கபிலமுமாக, வடித்த பின் பாத்திரத்தின் அடியில் தங்கும் கோப்பி மண்டி போலவே கிடந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு, "சஹருக்குக் குடிச்ச கோப்பி அப்படியே வந்திருக்கு" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

பிறகு மாமி என் முகத்தை ஊன்றிப் பார்த்தார். தலை சுற்று, வாந்தி, வெளிறிப்போன முகம். குளித்து எத்தனை நாள் என்று காதோடு கேட்டார். மாதம் தள்ளித்தான் போயிருந்தது. ஆனால் எனக்கு அது வழக்கமாகவே ஒழுங்காக வருவதில்லை. அதைச் சொல்லியும் மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. ஜெஸீமாவுக்குப் பிறகு ஐந்து வருஷமாக அவர் தொழுகைப் பாயில் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். தானாக வரும் வாந்தி நோன்பை முறிக்காது, ஆனாலும் நீ நோன்பைத் திறந்துவிடு என்றார். இன்னும் அரை நாள்தானே என்று நான் மறுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். உள்ளங்கை இரண்டும் சில்லிட்டு ஈரமாக இருந்தன. மழையால் என்று நினைத்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கலேவெலச் சந்தையிலிருந்து என் கணவர் வந்தார். மாமி சந்தோஷ முகத்தோடு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மறுபடியும் வந்தது. இவர்தான் பேசினைப் பிடித்தார். முதல் தடவையைவிட நிறைய. இவர் பேசினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உம்மா, சஹருக்குக் குடிச்ச கோப்பி இவ்வளவு நேரம் வயித்துல இருக்குமா? அதுவும் ரெண்டு தரம் வருமா? இது கோப்பி இல்ல."

மாமியின் கை வாய்க்குப் போனதை நான் பார்த்தேன். அதன் பிறகு வாடகைக் காரின் பின் சீட்டும், சீட்டில் விரித்த பழைய சேலையும், மார்க்கட்டைத் தாண்டும்போது இவர் டிரைவரிடம் ஹோர்ன் அடிக்கச் சொன்னதும்தான் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வெளி நோயாளர் உட்காரும் வாங்கில் சனம் நிறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர்களாகவே எழுந்து இடம் விட்டார்கள். என் நிறம் அப்படி இருந்திருக்கிறது. வந்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நரை விழுந்த, அமைதியான மனிதர். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், கூடவே கொண்டுவந்திருந்த பேசினில் மிச்சமிருந்ததை முகர்ந்தார்.

"மலம் கறுப்பாப் போனதோ?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன். என்ன குளிசை எடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். வெறும் வயிற்றிலா என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

அவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "இது ரத்தம். வயித்துக்குள்ள புண் வந்து கசியுது. வயித்துப் புளிப்பில ரத்தம் கிடந்தால் இப்பிடித்தான் கோப்பி மண்டி மாதிரி மாறும். நாங்களும் அந்தப் பேரைத்தான் சொல்லிக் குறிக்கிறனாங்கள். கன ரத்தம் போயிட்டுது. இப்பவே ரத்தம் ஏத்த வேணும்."

இரத்தம் ஏற்றுவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவருடைய இரத்தத்தைப் போத்தலில் எடுத்து, நம்முடைய இரத்த வகையோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணாடித் துண்டில் கலந்து பார்ப்பார்கள். ஒத்துப்போனால் கை நரம்பில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒத்துப்போகாததை ஏற்றினால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். கண்டியிலிருந்து இரத்தம் வருவதற்குள் ஊரில் யாரிடமாவது எடுக்க வேண்டும் என்றார்கள். இவருடையது ஒத்துப்போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையை நான் மறக்க மாட்டேன். என் தம்பி நிஸாருடையது ஒத்துப்போனது. நோன்போடு படுத்து இரத்தம் கொடுத்தான், டொக்டர் சொன்னதால் அங்கேயே தண்ணீர் குடித்து நோன்பை விட்டான். அது ஒரு போத்தல்தான். செய்தி பள்ளிவாசலுக்குப் போயிற்று. நோன்பு திறந்த கையோடு மார்க்கட்டில் மூட்டை தூக்குகிறவர்களும் கடைக்காரர்களும் வந்து வரிசையில் நின்றார்களாம். அவர்களில் பலர் என் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்களுடைய இரத்தம்தான் இன்றும் எனக்குள் ஓடுகிறது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

பெண்கள் வாட்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில். மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை வயிறு வரைக்கும் விட்டிருந்தார்கள். அதில் பாலும் வெள்ளை நிற மருந்தும் போகும். பால் வயிற்றுப் புளிப்பைத் தணிக்கும் என்றார்கள். மணிக்கொரு தரம் தாதி மிஸ்ஸி வந்து அதே குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து நிறம் பார்ப்பார். கபிலமா, தெளிவா என்று அவருடைய முகத்தைத்தான் நான் பார்ப்பேன். எழுந்து உட்காரவும் தடை. அடுத்த கட்டிலில் நாவுலயிலிருந்து வந்த சிங்களப் பெண் ஒருத்தி இருந்தாள், ஈரல் வருத்தக்காரி, வயிறு வீங்கியிருக்கும். என்னைத் தங்கச்சி என்ற பொருளில் நங்கி, நங்கி என்று கூப்பிடுவாள். இரத்தப் போத்தல் முடியப்போனால் அவள்தான் முதலில் கண்டு மிஸ்ஸியைக் கூப்பிடுவாள்.

பயத்தைப் பற்றி எழுதத்தான் கஷ்டம். வலி அவ்வளவு இல்லை. வலி இல்லாமலே உள்ளுக்குள் வடிந்துகொண்டிருக்கிறது, நமக்குத் தெரியாது என்பதுதான் பயம். ஏப்பம் வந்தாலும் நடுங்கினேன். கண் அயர்ந்தால் பிள்ளைகள் இருவரும் தலை வாராமல் வாசலில் நிற்பது போலத் தெரியும். இதற்கு நடுவே தலையிடியும் வந்தது. குளிசை கேட்கப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

இதைக் கண்ட டொக்டர்தான் ஒருநாள் காலையில் கட்டிலோரம் நின்று எனக்கு விளங்கச் சொன்னார். கோப்பி தனியே இந்தப் புண்ணை உண்டாக்கியது என்று அவர் சொல்லவில்லை. ஆயுசு முழுக்கக் குடித்து ஒன்றும் வராதவர்களும் இருக்கிறார்கள் என்றார். ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் புளிப்பைக் கூட்டும், இருக்கிற புண்ணில் படப் படப் புண்ணை ஆற விடாது. என் வயிற்றைத் தோண்டியது பெரும்பாலும் குளிசை. குளிசை தேடவைத்தது தலையிடி. அந்தத் தலையிடி வந்ததோ, நாள் முழுக்கக் கோப்பிக்குப் பழகிய உடம்புக்குப் பகலில் அதை நிறுத்தியதால். நோன்பு தொடங்குமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருந்தால் இடி இவ்வளவு இருந்திருக்காது என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. நான்தான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

பெருநாளன்று இரத்தம் நின்றுவிட்டது போலத் தெரிந்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். இவர் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். ஜெஸீமாவின் சட்டைக்கு நான் விளிம்பு மடித்துத் தைத்திருக்கவில்லை. மாமி ஊசி குத்திச் சமாளித்து அனுப்பியிருந்தார். பரீதா என் கையைத் தொடாமல் கட்டில் கம்பியையே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சிரிக்கச் சிரிக்க அவள் முகம் கோணியது. அவர்கள் போனபின் எக்ஸ்ரே எடுக்க நாள் குறித்திருப்பதாக மிஸ்ஸி சொன்னார். வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு கரண்டி பால் கஞ்சி குடித்தேன். வாய்க்குள் இரும்புச் சுவை வந்தது. இந்த முறை கோப்பி நிறமில்லை, சிவப்பு. நாவுலப் பெண் தன் வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாட்டு முழுக்கக் கேட்கும்படி மிஸ்ஸியைக் கூப்பிட்டாள். அந்த வாட்டில் நான் கடைசியாகத் தெளிவாகக் கேட்டது அதுதான்.

கண்டிக்கு அம்புலன்சில் கொண்டுபோனார்கள். இவர் பக்கத்தில் இருந்தார். அக்குறணை தாண்டும்போது பாங்கு சத்தம் கேட்டது. கண்டியில் சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர், புண் ஒரு இரத்தக் குழாயைத் தின்றுவிட்டது, வயிற்றைத் திறந்து அந்தப் பகுதியை வெட்டி எடுக்காவிட்டால் நிற்காது என்று சிங்களத்தில் சொன்னார். எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது, உடம்பில் இரத்தம் இல்லை என்றார். இவர் கையெழுத்து வைத்தார். எழுத்து வரிசையை விட்டுக் கீழே இறங்கியது.

சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு வெளியே என்னை ட்ரொலியில் வைத்திருந்தார்கள். இவர் குனிந்து நின்றார். எங்களில் மௌத்தாகப் போகிறவர் இருப்பவரிடம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. நானும் கேட்டேன்.

"நான் செஞ்ச பிழை எல்லாத்தையும் மன்னிச்சு ஹலாலாக்கி விடுங்க."

இவர் முடியாது என்று தலையை ஆட்டி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "சொல்ல மாட்டேன், ஸித்தி."

"சொல்லுங்க. பாரத்தோட போக முடியாது."

"நான் சொன்னா நீ போயிருவே. சொல்ல மாட்டேன்."

கதவு திறந்து என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, அவர் அழுதபடி சொல்ல மாட்டேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினேன், இரண்டாவது பெயர் வருமுன் மயங்கிவிட்டேன்.

நான் பிழைத்தேன். என் வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புள் வரை தையல். இருமினால் பிளந்துவிடும் போலிருக்கும். தண்ணீரை நனைத்த பஞ்சால் உதட்டில் தடவுவார்கள். அவ்வளவும் தாங்கக்கூடியதாகவே இருந்தது, ஏனென்றால் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அடிவயிற்றில் வேறொரு வலி பிடித்தது. இடுப்பை முறிக்கும் வலி. அது எனக்குத் தெரிந்த வலி, இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஸ்ஸி கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார். பெண் டொக்டர் ஒருவர் வந்து பார்த்தார். இரண்டு மாதக் கர்ப்பமாக இருந்திருக்கும் என்றார். அவ்வளவு இரத்தம் போன உடம்பில் அது தங்க வழியில்லை என்று என் தோளைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

மாமி சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்த வாந்தி இரத்தம்தான், ஆனால் அவர் என் முகத்தில் பார்த்ததும் பொய்யில்லை. எனக்குள் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கின்றன. எனக்கு அது தெரியவே தெரியாது.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் மாமி வந்தார். மாத்தளையிலிருந்து ரயிலில் வந்திருந்தார். கையில் தோடம்பழம், நான் சாப்பிட முடியாதென்று தெரிந்தும். வழியெல்லாம் எனக்காக ஓதிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, நீங்க சொன்னது சரி. இருந்திச்சு. இன்னக்கிக் காலையில இல்லாமப் போச்சு."

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். எழுந்து வெளியே போனார். தெரிந்த சிங்களத்தில் மிஸ்ஸியிடம் ஏதோ கேட்பது கேட்டது. கொண்டுபோய் அடக்கம் செய்வதற்கு ஏதாவது தருவார்களா என்று கேட்டிருக்கிறார். அந்த மாதத்தில் அப்படிக் கொடுக்க ஒன்றும் இருக்காது என்று மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். வெகு நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. பையிலிருந்து சீப்பை எடுத்தார். "தலை சிக்காக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, தையல் இழுபடாமல் என் தலையைத் தன் மடியின் பக்கம் சரித்து, நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை வாரிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இவரிடம் நான் சொன்னபோது தோட்டத்துப் பக்கம் எழுந்து போய்விட்டார்.

உடம்பு தேற மாதக் கணக்காயிற்று. நான் ஒரு குழந்தையைப் போலச் சாப்பிடப் பழகினேன். ஒரு கையளவு சோறு, இரண்டு மணித்தியாலம் விட்டு இன்னொரு கையளவு. கூடினால் வியர்த்துப் படபடத்துப் படுக்க வேண்டி வரும். கோப்பியை ஆஸ்பத்திரியோடு விட்டேன். அங்கே முதல் கிழமை தலையிடியில் கண்ணே தெரியவில்லை, பிறகு அடங்கியது. தலையிடிக்கு ஆஸ்பிரின் இனி ஒருபோதும் கூடாது என்று டொக்டர் எழுதித் தந்திருந்தார். நோன்பும் கூடாது என்றார்.

அடுத்த வருஷம் நோன்பு வந்தது. பரீதா அந்த வருஷம்தான் முதன்முதலாக முழு நோன்பு பிடித்தாள். வீடு முழுக்க வாய் கட்டியிருக்கும்போது நான் மட்டும் பகலில் சாப்பிட வேண்டும். பாவமில்லை, வருத்தக்காரிக்கு விலக்கு உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். என்றாலும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு குழைந்த சோற்றைப் பிசையும்போது திருடுகிறவளைப் போல இருந்தது. பல நாள் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மெலியத் தொடங்கினேன். மாமி அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் மத்தியானம் நோன்போடு வந்து, கதவைத் தானே சாத்தி, எனக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு வாய் வைத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மாமி சேலை முந்தானையால் முழங்காலை மூடிக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இருந்திருந்தா இந்நேரம் நாலு மாசம். குப்புற விழும்."

நானும் உள்ளுக்குள் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் வைத்திருந்திருக்கிறார். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மாமி கையை நீட்டிப் பீங்கானை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆறிப் போகுது. சாப்பிடு மகள்."

நான் சாப்பிட்டேன். முழுவதும் இறங்கும்வரை அவர் அந்தப் பலகையை விட்டு எழவில்லை.